சாமி இல்லாத மலை

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புகிறவரை மலை ஏற மாட்டார்கள். பண்டிகை கிடையாது. பொங்கல் பானை கிடையாது. வாசலில் கலர்க் கோலம் கிடையாது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மலை ஏறக்கூடாது என்பதுதான் சங்கடமாக இருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று கோவில்பட்டிக் கதிரேசன் மலைக்குப் போய் வருகிறவன் நான். போன வருஷம் ஆவணியில் என் வீட்டுக்காரி இறந்தாள். அதோடு மலை நின்றது.

அது ஒன்றும் பெரிய மலை இல்லை. ஊரை ஒட்டின பாறைக் குன்றுதான். ஆனால் கடைசி ஆறேழு வருஷமாக அவளால் அதையும் ஏற முடியவில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். அதற்காக வராமல் இருக்க மாட்டாள். என்னோடு பஸ் ஏறி வருவாள். அடிவாரத்தில் முதல் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். செருப்பையும் பையையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் மேலே போவேன். இறங்கி வந்ததும் திருநீற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பூசிக்கொண்டு, "இன்னைக்கு என்ன அலங்காரம்?" என்பாள். ஒரு வார்த்தையில் சொன்னால் அவளுக்குப் பத்தாது. பட்டு என்ன நிறம், கரை என்ன நிறம், மாலை ரோஜாவா சம்பங்கியா, வேலுக்குப் பூச் சுற்றியிருந்ததா, எல்லாம் சொல்ல வேண்டும். கடைசியாக, "சிரிச்சாரா?" என்று கேட்பாள். "சிரிச்சாரு" என்று சொன்னால்தான் கையை ஊன்றி எழுந்திருப்பாள்.

இதைச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே மேலே நான் ஒன்று விடாமல் பார்த்து வைத்துக்கொள்வேன். என் கும்பிடில் பாதி அப்படித்தான்.

அவள் போன பிறகு அந்த வருஷத்தை ஒழுங்காகக் காக்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவளுக்கென்று நான் செய்யக்கூடியது வேறு என்ன மிச்சம் இருக்கிறது? மகள் திருப்பூரில் பிள்ளைகளோடு இருக்கிறாள். "இங்கன வந்திருங்கப்பா" என்று கூப்பிட்டாள். வருஷம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்றுவேன். சோறு பொங்குவேன். காட்டுக்குப் போவேன். கல்யாணப் பத்திரிகை வைக்க ஆட்கள் தெருவுக்குள் வருவார்கள், என் வாசலைத் தாண்டிப் போவார்கள். முறை அதுதான். கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணம் வைக்கிற சத்தம் என் வீட்டுக்குள் கேட்கும்.

தை மாதம் திருச்செந்தூர் பாதயாத்திரை எங்கள் பசுவந்தனை ரோட்டு வழியாகத்தான் போகும். இருபது வருஷத்துக்கு மேலாக அதில் நடந்தவன் நான். என் சேக்காளிகள் இரண்டு பேரும் எனக்குக் கிடைத்ததே அந்த ரோட்டில்தான். ஒருவன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொருவன் கடம்பூரில் போளிக் கடை வைத்திருக்கிறான். இந்தத் தடவை அவர்கள் பச்சை வேட்டியும் மாலையுமாக என் வீட்டுக்கு எதிரே வந்து ரோட்டில் நின்றார்கள். மாலை போட்டவர்கள் சாவு வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது. நானும் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"போயிட்டு வாரோம்" என்று கண்டக்டர் சத்தம் போட்டுச் சொன்னான்.

"வாங்க" என்றேன்.

கூட்டம் நகர்ந்தது. அவன் நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தான். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவன்தான் ஆனி மாதம் ஒரு நாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான், போளிக்கடைக்காரனையும் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. ஆனியில் எங்களுக்குக் காட்டு வேலை கிடையாது. கோடை உழவு முடிந்து நிலம் வெறுமனே கிடக்கும். புரட்டாசியில்தான் இனி விதைப்பு. மேற்கேயிருந்து காற்று மட்டும் பேய் மாதிரி அடிக்கும். காற்றாலைகளெல்லாம் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

"ஏலே, வீட்டுக்குள்ளயே கிடந்து புளிச்சுப் போயிருவ. கிளம்பு, ஒரு மலைக்குப் போயிட்டு வருவோம்" என்றான் கண்டக்டர்.

"வருஷம் திரும்பலடே."

"தெரியும்லே. அது சாமி இருக்கிற மலைக்குத்தான். சாமி இல்லாத மலைக்குப் போனா என்ன?"

"அப்படி ஒரு மலை எங்கடே இருக்கு?"

"அதைத்தானே ஒரு வாரமாத் தேடினேன்" என்றான். "கழுகுமலையா, ஆள் இருக்காரு. சதுரகிரியா, அங்கன ஒண்ணுக்கு ரெண்டா இருக்காவ. பொதிகையில முனிவரு. குத்தாலத்துல அய்யாவே இருக்காரு. எங்க போனாலும் சீட்டு ஃபுல்லு. கடைசியில எம் மருமகப்பிள்ளைதான் இதக் கண்டுபிடிச்சாவ. பாரு."

போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். மேற்கு மலையில், காட்டைத் தாண்டி உச்சிக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. கண்ணுக்கு எட்டுகிற மட்டும் பச்சை. மரம் கிடையாது, மனுஷன் கிடையாது, கோபுரம் கிடையாது. வனத்துறை அனுமதி வாங்கி, அவர்கள் அனுப்புகிற வழிகாட்டியோடு போக வேண்டும். ஒரு நாள் ஏறி இடையில் ஒரு கல் கொட்டகையில் தங்கல். மறுநாள் புல்வெளி பார்த்துவிட்டு இறக்கம்.

"கோயில் ஒண்ணும் இல்லையே?"

"புல்லுதான்யா இருக்கு. புல்லையா கும்பிடப் போற?" என்றான் போளிக்கடைக்காரன்.

இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊர்ப் பூசாரியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சாமி இல்லாத மலையா? அப்படி ஒண்ணு இருந்தா தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதுகில் மாட்டுகிற பை எங்களிடம் ஏது? கண்டக்டர் தன் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளை எடுத்து வந்தான். எனக்கு வந்ததில் பூனைப் படம் போட்டிருந்தது. போளிக்கடைக்காரன் புது ஷூ வாங்கி, அதற்குத் தோதாகக் கலர் தொப்பியும் வாங்கிவிட்டான். பையில் துணிமணி கொஞ்சம்தான். போளி ஒரு கட்டு, எலுமிச்சைச் சாதம். மீதியெல்லாம் தண்ணீர். எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு தரம் குழாயில் வரும்போது பிடித்து மூடி வைக்கிற தண்ணீர். நான் ஒரு ஐந்து லிட்டர் கேனைக் கையில் தூக்கிக்கொண்டு, பையிலும் பாட்டில்களை அடைத்துக்கொண்டேன். மற்ற இரண்டு பேரும் அதே மாதிரிதான் வந்து நின்றார்கள். ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை.

அடிவாரத்தில் வழிகாட்டித் தம்பி எங்களையும் கேன்களையும் பார்த்தார். முப்பது வயசு இருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"அண்ணாச்சி, இம்புட்டுத் தண்ணி எதுக்கு?"

"மேல கிடைக்குமோ என்னமோன்னுதான்."

அவருக்கு எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை. முன்னால் நடந்தார். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, காலுக்குக் குறுக்கே ஒரு ஓடை. தாண்டினால் இன்னொன்று. பாறை இடுக்கில் தண்ணீர், மரத்து வேரில் தண்ணீர், பாதையே சில இடத்தில் தண்ணீர். யாரும் பிடிக்காமல், யாருக்கும் வேண்டாமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு பொட்டு மழை தராமல் வெறும் காற்றை மட்டும் அனுப்புகிற அதே ஆனி மாதம்தான் இங்கேயும்.

"கேன்ல இருக்கிறதக் கொட்டிருங்க அண்ணாச்சி, வேணுங்கிறப்ப பிடிச்சுக்கலாம்" என்றார் தம்பி.

நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவன் போளிக்கடைக்காரனைப் பார்த்தான். போளிக்கடைக்காரன் கேன் மூடியைத் திறந்தான், கொஞ்சம் சாய்த்தான், மறுபடியும் நிமிர்த்தி மூடிவிட்டான்.

"மனசு வரலப்பா" என்றான்.

கரிசல்காட்டில் பிறந்துவிட்டு நல்ல தண்ணீரைத் தரையில் கொட்ட யாருக்குக் கை வரும்? மூன்று பேரும் அத்தனையையும் சுமந்துகொண்டு மலை ஏறினோம். தோள்பட்டை இற்றுப்போனது. ஓடைக்கு ஓடை தம்பி திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். கண்டக்டர் ஒவ்வொரு வளைவிலும், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தான். அட்டை ஏறினபோது மட்டும் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

சாயங்காலம் கல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பக்கத்துப் பாறையில் மட்டும் செல்போன் கோபுரம் எட்டும் என்றார் தம்பி. சேக்காளிகள் இரண்டு பேரும் பாறை மேல் ஏறி ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்று வீட்டுக்குப் பேசினார்கள்.

"ஆமாட்டி, போட்டிருக்கேன். ஸ்வெட்டர் போட்டிருக்கேன். ஏட்டி, இங்கன யாரு பாக்கப் போறா, குரங்குத் தொப்பிய வேற போடணுமா?" இது கண்டக்டர்.

"கடைய அடைச்சிட்டியா? வெல்லத்துக்கு எறும்பு வராமப் பாத்துக்கோ. சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?" இது மற்றவன்.

நானும் போனை எடுத்தேன். மகளுக்குப் போட்டேன். பேரனுக்குப் பரீட்சை, "அப்பா, அப்புறம் கூப்பிடுதேன்" என்றாள். சரி என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாறையின் மறுபக்கம் போனேன்.

அங்கேயிருந்து கிழக்கே திறந்து கிடந்தது. சின்ன வயசிலிருந்து எங்கள் காட்டில் நின்று மேற்கே பார்த்தால் நீலமாக ஒரு கோடு தெரியும், அதுதான் மலை. இப்போது அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் பக்கத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாக ஒரு சமவெளி, அவ்வளவுதான். இருட்ட இருட்டக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன, ஒரே சமயத்தில் அணைந்தன. அதற்குள்ளே எங்கேயோதான் என் வீடு இருக்க வேண்டும். விளக்கு ஏற்றப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஏற்றியிருப்பாள். ஏற்றினாலும் இங்கே தெரியப் போவதில்லை.

"என்னலே அங்கன பாக்க?" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கேட்டான்.

"நம்ம ஊரு."

வந்து பக்கத்தில் நின்று பார்த்தான். "நம்ம ஊரா அது? பரவாயில்லையே, நல்லாத்தான் மினுக்குது" என்றான். பிறகு சாப்பிடக் கூப்பிட்டான்.

மறுநாள் காலையில் புல்வெளிக்குக் கிளம்பினோம். மேகம் விலகி வெயில் வந்திருந்தது. நான் கேன் சுமையோடு பின்தங்கிவிட்டேன். கொட்டகையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம், குரங்கு உருட்டிவிடும் என்று பயம். காடு மெலிந்து, மரங்கள் குட்டையாகி, முன்னால் வெளிச்சம் தெரிந்தது. வளைவு திரும்பியதும் பார்த்தால் என் சேக்காளிகள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஏதோ ஒன்றின் மேல் கண்டக்டரின் ஈரத் துண்டு விரித்திருந்தது.

"என்னடே?"

"ஒண்ணுமில்லையே. காத்து வாங்குதோம்" என்றான் போளிக்கடைக்காரன்.

"துண்டு காயப் போட்டிருக்கு" என்றான் கண்டக்டர், நான் கேட்காமலே.

தம்பி புதருக்குள்ளிருந்து வந்தார். "ஐயோ அண்ணாச்சி, சாமி மேல துண்டப் போடாதீங்க" என்று ஓடிப்போய் எடுத்தார்.

ஒரு நடுகல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் துருப்பிடித்த வேல் ஒன்று. வேலில் இரண்டு மணிகள் கட்டியிருந்தன. அதற்கு அந்தப் பக்கம்தான் ஏற்றம் முடிந்து புல்வெளி தொடங்குகிறது. கல் நின்ற இடத்துக்கு மேலே ஒரு மேடு மறைத்திருந்தது. வானம் மட்டும் தெரிந்தது.

என் கை தானாக மேலே வந்தது. கூப்பப் போனதை அடக்கிக் கீழே இறக்கினேன்.

"இது எங்க எல்லைச் சாமி" என்றார் தம்பி. "இதுக்கு மேல செருப்புப் போட மாட்டோம். மேல புல்லு பூராவும் அவிய காவல்தான்."

"சின்ன சாமிதானலே" என்று கண்டக்டர் மெதுவாகச் சொன்னான். "செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி. கண்டுக்கிட மாட்டாரு."

"சாமியில என்னடே சின்னது பெருசு?"

"நீதான் கும்பிடலையே. சும்மா நடந்து போயிட்டு வந்துருவோம். தரையப் பாத்துக்கிட்டே நட."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வாரம் தேடிக் கண்டுபிடித்த மலை. சாமி இல்லாத மலை என்று எனக்காகவே தேடினது. அதன் தலைமாட்டிலும் ஆள் உட்கார்ந்திருக்கிறார். போளிக்கடைக்காரன், "எறங்கிருவோம். மூணு பேரும் எறங்கிருவோம்" என்றான். புது ஷூ வாங்கினவன்.

நான் தம்பியிடம் என் வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். அவர் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"எங்களுக்கு அப்படி ஒரு முறை இல்ல அண்ணாச்சி" என்றார். "நாங்க இருக்கிறதே மலையிலதானே. எங்க வீட்டுல ஒரு ஆள் போனா, வருஷம் பூராவும் எங்க எறங்கிப் போயி இருக்க?"

அது நியாயம்தான். அவர் சாமி அவரைக் கோபித்துக்கொள்ளாது. என்னையும் கோபித்துக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன். நான் சாமிக்குப் பயந்து நிற்கவில்லை. தலைத்திவசத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். பத்து மாதத்துக்கு மேல் காத்ததை ஒரு புல்வெளிக்காக விட்டுவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்ல ஆள் இல்லைதான். ஆனாலும் எப்படிச் சொல்வது?

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன். பைக்கும் ஷூவுக்கும் ஆள் வேணும்லா" என்றேன்.

கொஞ்சம் தகராறு பண்ணினார்கள். கண்டக்டர் என்னைக் கிறுக்குப்பயல் என்றான். பிறகு இரண்டு பேரும் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, வெறுங்காலோடு மணியைத் தொடாமல் ஒதுங்கி, தம்பிக்குப் பின்னால் மேட்டில் ஏறினார்கள். உச்சியில் ஒரு தடவை இரண்டு பேரும் நின்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நின்றுவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள்.

நான் கல்லுக்குக் கீழே, பாதையோரம் ஒரு வேரில் உட்கார்ந்தேன். கல்லுக்கு நேரே உட்காரவில்லை, பக்கவாட்டில். காற்று மேட்டுக்கு மேலே அடித்தது, எனக்குச் சத்தம் மட்டும் வந்தது. இரண்டு மணிகளும் எப்போதாவது ஒட்டி ஒரு சின்னச் சத்தம் போட்டன. சேக்காளிகளின் பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவ்வளவு தனிமையாக இருந்தது. வீட்டில் தனியாக இருப்பது வேறு. அங்கே அடுப்பு இருக்கிறது, ஆடு இருக்கிறது, பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் இருக்கிறது. இங்கே கூட வந்தவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எட்டிப் போனால் தெரிந்துவிடும் தூரத்தில். நான் பூனைப் படம் போட்ட பையும் தண்ணீர் கேனுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வெயில் ஏறிக்கொண்டு வந்தது. மலைக் காற்று குளிராக இருந்தாலும் வெயில் பட்ட இடத்தில் சுள்ளென்று பிடிக்கும். ஷூக்கள் இரண்டு ஜோடியும் வெயிலுக்குள் வந்துவிட்டன. எடுத்து என் நிழலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்தது. நானும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, ஷூவையும் இழுத்து வைத்தேன். மூன்றாம் தடவை இழுத்து வைக்கும்போது என் கையை நானே பார்த்தேன்.

கதிரேசன் மலை அடிவாரத்தில், அவள் உட்காருகிற இடத்தில், நிழல் கிடையாது. சித்திரை வெயிலிலும் போயிருக்கிறோம். பாறைப் படியில் வெறுங்காலோடு தாவித் தாவி இறங்கி வருவேன். அவளிடம் செருப்பை வாங்கிக் காலை நுழைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு நாளும் சுட்டதில்லை. செருப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்பதுபோலப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். வெயில் திரும்பத் திரும்ப அவளும் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றைக்கு, அந்த மலையில்தான், எனக்குத் தெரிந்தது. கூட்ட நாளில் நான் இறங்கிவர மத்தியானம் ஆகிவிடும். முழங்கால் வலியோடு எத்தனை தடவை திரும்பியிருப்பாள்?

கதிரேசா என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். கும்பிடவில்லை. சும்மா கூப்பிட்டேன்.

அவர்கள் திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கண்டக்டரின் காலில் அட்டை கடித்த ரத்தம். போளிக்கடைக்காரன் கல்லின் முன்னால் ஒரு போளியை இலையில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்படிடே இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு."

"நல்லான்னா?"

"புல்லுதான். பச்சையா இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தன தூரம் வந்துட்டு, பச்சையா இருக்குங்கான். என்ன பச்சைடே?"

"பச்சையில என்னலே, பச்சைதான்" என்றான் கண்டக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, காலைக் கழுவப் போனவன் நின்று, உட்கார்ந்தான்.

"கம்பு கதிர் விடுததுக்கு முன்ன இருக்கும்லா, அது" என்றான்.

"இல்லப்பா. அது கருத்த பச்சை" என்று போளிக்கடைக்காரன் மறுத்தான். "இது உளுந்து. மழை பெஞ்சு முளைச்ச புது உளுந்து."

"உளுந்து எலை அகலம்லா. இது ஊசி ஊசியா இருக்கு. சோளம்! சோளம் ரெண்டு எலை விட்டு நிக்கும்போது, பக்கத்துல போனா மண்ணுதான் தெரியும், தூரத்துல நின்னா காடு பூராவும் ஒரு பச்சை ஓடுமே, பாத்திருக்கேல்லா? அந்தப் பச்சை. ஆனா பக்கத்துல போனாலும் அது போவல. மண்ணே தெரியல."

"வரப்பு?"

"வரப்பா? ஒரு வரப்பு கிடையாது. ஒரு வேலிக்கருவை கிடையாதுப்பா!" போளிக்கடைக்காரன் கையை விரித்தான். "கண்ணுக்கு எட்டுத மட்டும் ஒரு முள்ளு இல்ல. எனக்கு நம்பவே முடியல, குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன்."

"காத்து?"

"காத்து வந்தா புல்லு பூராவும் ஒரே பக்கமாப் படுக்கும். படுக்கும்போது வெள்ளையாத் தெரியும். எந்திரிக்கும்போது பச்சை. வெள்ளை, பச்சை, வெள்ளை, பச்சை" என்று கண்டக்டர் கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினான். முப்பது வருஷம் ஸ்டாப் பெயர் சொன்னவன். இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நடுவுல ஒரு ஓடை போவுது. சத்தமே இல்ல. பக்கத்துல போயி நின்னாத்தான் தண்ணின்னே தெரியுது. அதுல மேகம் போவுது."

தம்பி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. பூ இருந்ததா, மஞ்சளா ஊதாவா, மண் என்ன நிறம், மிதித்தால் எப்படி இருந்தது எல்லாம் கேட்டேன். ஈரச் சாக்கு மேல் நடந்த மாதிரி இருந்தது என்றார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஒருவன் சொன்னதை மற்றவன் திருத்தினான். கடைசியில், "சிரிச்சாரா?" என்று என் வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

"அந்தக் கேன்ல இருக்கிற நம்ம தண்ணியக் குடு" என்று கண்டக்டர் கேட்டான். "இங்கத்துத் தண்ணி குடிச்ச மாதிரியே இல்ல. உப்பும் இல்ல, உரப்பும் இல்ல."

கேனைத் தூக்கி மூன்று பேரும் குடித்தோம். தம்பியும் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அதற்குத்தான் அதிகம் சிரித்தோம்.

ஷூவுக்குள் காலை விட்ட கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தான். "குளுகுளுன்னு இருக்கே" என்றான். நான் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டேன்.

ஆவணியில் தலைத்திவசம் முடிந்தது. மகள் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அடுத்த கார்த்திகை நட்சத்திரத்துக்குக் கதிரேசன் மலைக்குக் கிளம்பினேன். "நானும் வாரேன்" என்று கண்டக்டர் போன் பண்ணினான். இந்த ஒரு தடவை தனியாகப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் படிக்குப் பக்கத்தில், அவள் உட்காருகிற இடத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறினேன். நல்ல கூட்டம். ஒரு வருஷத்துக் கும்பிடையும் சேர்த்துக் கும்பிட்டேன். அன்றைக்கு மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. சம்பங்கி மாலை, நடுவில் ஒரு வரிசை அரளி. வேலில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. வழக்கம்போல ஒன்று விடாமல் பார்த்து வைத்துக்கொண்டேன். தீபாராதனை காட்டும்போது முகத்தையும் பார்த்தேன்.

திருநீற்றைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு இறங்கினேன். செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது. சுற்றிலும் நல்ல வெயில்.

"மாம்பழக் கலர். அரக்குக் கரை" என்றேன், மெதுவாக. "சிரிச்சாரு."

செருப்புக்குள் காலை விட்டேன். சுட்டது. கழற்றாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.